அதலைக்காய் வெடித்த பை

நவம்பர் 23, சனி – எட்டயபுரம்

காட்டுக்கீரை பறிக்கப் போகலாம் என்று தோழி சொன்னதும் நான் முதலில் வாங்கியது அட்டைக்கடி தடுக்கும் நீளக் காலுறை. அடுத்து, கணுக்காலை மூடும் ஒரு ஜோடி ஷூ, 2,400 ரூபாய். கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறி அரை மணி நேரம் ஆகியும் காடு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு பக்கமும் கறுத்த மண், மக்காச்சோளம், உளுந்து, எங்கோ ஓர் ஒற்றைப் பனை, ஓடைக்கரையில் சீமைக்கருவேலம். "காடு எங்கே வரும்?" என்று பக்கத்து இருக்கைப் பெரியவரைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "பிறகு இது என்னவாம்?" என்றார். கரிசலில் மானாவாரிப் புஞ்சைக்குத்தான் காடு என்று பெயர். காலுறை கடைசி வரை பைக்குள்ளேயே கிடந்தது.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. நான் போய்ச் சேர்ந்தபோது பாதி ஆடுகள் விலைபோய், மீதி ஆடுகள் எனக்குப் போட்டியாக டீக்கடை வாசலில் நின்றன. டீ 12 ரூபாய். சர்க்கரை குறைவாக என்று கேட்டதற்கு, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டுக்கொண்டே வழக்கமான அளவைப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். சந்தை ஓரத்தில் சாக்கை விரித்துக் காய்களைக் கூறு கட்டி வைத்திருந்தார் ஓர் அம்மா. கட்டைவிரல் நுனி அளவு பச்சைக் காய், மேலே வரிவரியாகப் புடைப்பு. பாகற்காய்க்குப் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது. அதலைக்காய். கூறு 30 ரூபாய்.

"இன்றைக்கே ஆக்கிவிடுவீர்களா?" என்று கேட்டார். காய்கறிக்காரர்கள் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு, இரண்டு கூறு வாங்கி பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டேன்.

நான் தங்கப்போவது தோழியின் பெரியம்மா வீட்டில். எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் ஒரு சிற்றூர். பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் வலியைத் தவிர வேறு எதற்கும் அஞ்சாதவர். மத்தியானம் கம்பஞ்சோறு, மோர், சுண்டவற்றல். சாப்பிட்டுப் படுத்தவள் மாலை வரை எழவில்லை. பையை மறந்தே போனேன்.

இரவு எட்டு மணிக்கு அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே பாதிக் காய்கள் வாயைப் பிளந்து விதையைக் காட்டிக்கொண்டிருந்தன. சத்தம் கித்தம் எதுவும் இல்லை, தாமாகவே வெடித்திருந்தன. பையின் உட்புறம் முழுக்க வியர்வை. பெரியம்மா ஒரு காயை எடுத்துப் பார்த்தார். "இது பறித்த அன்றைக்கே சட்டிக்குப் போக வேண்டிய சாமான் தாயி. அதையும் மூச்சு முட்டக் கட்டி வைத்திருக்கிறாய்" என்றார். சந்தைக்கார அம்மா கேட்டதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. வெடித்தவை ஆட்டுக்குப் போயின. ஆடு ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

நவம்பர் 24, ஞாயிறு – காடு

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பெரியம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். என்னை அழைத்துப் போனவர்கள் பக்கத்துத் தெருப் பெண்கள் மூவர். முந்தாநாள் பெய்த மழையில் கரிசல் மண் பசை மாதிரி ஆகியிருந்தது. பத்து அடி வைப்பதற்குள் ஷூ ஒவ்வொன்றும் ஒரு கிலோ கூடிவிட்டது. இருபதாவது அடியில் வலது கால் வந்தது, ஷூ வரவில்லை. அவர்கள் மூவரும் வெறுங்கால். மூத்தவரான அக்கா ஷூவைப் பிடுங்கித் தந்து, "இதை வரப்பில் வைத்துவிட்டு வாருங்கள், யாரும் எடுக்க மாட்டார்கள்" என்றார். எடுத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

முதலில் கிடைத்தது தொய்யக்கீரை. உளுந்துச் செடிகளுக்கு நடுவில் களையாக முளைத்து நிற்கிறது. நான் முளைக்கீரை பிடுங்குவது போல வேரோடு பிடுங்கினேன். ஒருவர் கையைத் தட்டிவிட்டார். "இதன் கதையை முடித்துவிட்டால் அடுத்த வாரம் எதைப் பறிப்பது?" அவர் பறிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஆள்காட்டி விரலைத் தண்டுக்குப் பின்னால் கொடுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. நகம் தானாக இறங்கினால் அது இளசு. கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தால் விட்டுவிட்டு மேலே போகிறது விரல். கண் அடுத்த செடியில் இருக்கிறது, பேச்சு மருமகளைப் பற்றி ஓடுகிறது, விரல் மட்டும் தன்பாட்டுக்குத் தண்டைச் சோதித்துக்கொண்டே போகிறது. இளஞ்சிவப்பில் கதிர் விட்ட செடிகளைத் தொடவே இல்லை, பூத்தால் நாராகிவிடுமாம். சேலை முந்தியைத் திருப்பி இடுப்பில் செருகிய மடி, அரை மணியில் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல ஆகிவிட்டது. நான் சுடிதார். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன், குனியும்போதெல்லாம் கொட்டியது.

பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, கானாவாழை, வேலியில் முடக்கத்தான். முடக்கத்தானின் காற்றடைத்த காயை உடைத்து, கறுப்பு விதையில் வெள்ளையாக இருக்கும் இதய வடிவப் பொட்டைக் காட்டினார்கள். இது மட்டும் எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்று சொல்லவும் செய்தேன். அந்தக் காலையில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

அடுத்த காடு மக்காச்சோளம். அதன் ஓரத்தில் அருமையான கீரை நின்றது. மூவரும் ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். ஏன் என்று கேட்டேன். வரப்புப் புல்லைக் காட்டினார்கள்: நுனி மட்டும் பழுத்து மஞ்சளாகியிருந்தது. களைக்கொல்லி அடித்த காடு. கம்பும் சோளமும் பருத்தியும் இருந்த இடமெல்லாம் மக்காச்சோளம் வந்துவிட்டது. மக்காச்சோளத்துக்குக் களை எடுக்க ஆள் விடுவதற்குப் பதில் மருந்து. 2018இல் படைப்புழு வந்து சேர்ந்த பிறகு, குருத்துக்குள் அடிக்கும் மருந்து வேறு. "முன்பு வீட்டுப் பின்னாலேயே பறித்துவிடுவோம். இப்போது எந்தக் காட்டுக்காரர் மருந்தடிக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கிறது" என்றார் அக்கா. சென்னையில் நான் வாங்கும் கடையில் 'இயற்கைக் காட்டுக்கீரை' என்று எழுதி ஒரு கட்டு 60 ரூபாய்க்கு வைத்திருக்கிறார்கள். இந்த விசாரணையை அங்கே யார் செய்கிறார்கள் என்று கேட்கவேண்டும்.

அதலைக்காய் ஓடைப்பக்கம் தரிசில் கிடைத்தது. கொடி தரையோடு தரையாகப் படர்கிறது. கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, ஐப்பசி மழைக்கு முளைத்து, கார்த்திகை, மார்கழியில் காய்த்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். யாரும் விதைப்பதில்லை. உழுகிறவருக்கு இது களை, பறிக்கிறவருக்குக் கார்த்திகை மாதக் கைச்செலவு. ஊருக்கு வரும் வியாபாரி கிலோ 80 ரூபாய்க்கு எடுக்கிறார். ஒரு காலை முழுக்கக் குனிந்தால் இரண்டு கிலோ தேறும். அதே நேரத்துக்குக் களையெடுக்கப் போனால் 250 ரூபாய் கூலி. பிறகு ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "களைவேலை தினமும் கிடைக்குமா?" என்று ஒருவரும், "இதில் நம்மை யாரும் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்ட மாட்டார்கள்" என்று இன்னொருவரும் சொன்னார்கள். ஓசியில் கிடைக்கும் உணவு என்று ஒரு தலைப்பை மனதில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அதை அடித்துவிட்டேன்.

மத்தியானச் சமையல் என் பொறுப்பு, பெரியம்மாவின் மேற்பார்வையில். அதலைக்காயை நறுக்கக் கூடாது. காம்பையும் வாலையும் கிள்ளினால் போதும். நல்லெண்ணெயில் கடுகு, நிறையச் சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய். காயைப் போட்டு மூடாமல் வதக்க வேண்டும். உப்பைக் கடைசியில் போடச் சொன்னார். பாகற்காய்க் கசப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; இது கடித்ததும் கசந்து, விழுங்குவதற்குள் போய்விடுகிறது. நாலு கரண்டி போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 25, திங்கள் – பெயர்கள்

எழுந்திருக்கவே முடியவில்லை. தொடை, இடுப்பு, கட்டைவிரல் நகக்கண் எல்லாம் வலி. நகம் பச்சையாகி, சோப்புக்கும் போகவில்லை.

என் கைப்பேசியில் செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் தனியாக நடந்தேன். தரையில் படர்ந்த ஒரு செடிக்கு அது மூக்கிரட்டை என்றது. பெரியம்மா சாரணை என்றார். எதிர்வீட்டு மதினி இரண்டும் ஒன்றுதான் என்றார். இரண்டும் ஒன்றல்ல. சாரணைக்கு இலை சதைப்பற்றாக இருக்கும், பூ இலைக்கக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கிரட்டைக்குப் பூங்கொத்து மெலிந்த காம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும், காய் துணியில் ஒட்டும். என் பேண்ட்டில் ஒட்டியிருந்ததை வைத்துச் செயலி ஜெயித்தது. அடுத்த படத்திலேயே உளுந்தை ஏதோ வட அமெரிக்கப் பூச்செடி என்று சொல்லித் தோற்றது.

கரை இறக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அய்யா ஒருவர் சாம்பல்பச்சை இலைக்கொடி ஒன்றைக் கம்பால் புரட்டிக் காட்டினார். இதய வடிவ இலை, கருஞ்சிவப்பில் குழல் மாதிரிப் பூ. ஆடுதின்னாப்பாளை. சுற்றிலும் புல்லை மொட்டையடித்திருந்த ஆடுகள் அதை மட்டும் வட்டம் போட்டு விட்டிருந்தன. விஷக்கடிக்கு அந்தக் காலத்தில் அரைத்துக் கொடுப்பார்கள் என்றார்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சீன மூலிகை ஒன்றைச் சேர்க்க வேண்டிய இடத்தில், ஏறக்குறைய அதே பெயருள்ள இந்தக் குடும்பத்து மூலிகை போய்ச் சேர்ந்திருந்தது. 1993இல் மருத்துவர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். காலையில் சாரணைக்கும் மூக்கிரட்டைக்கும் நாங்கள் மூவரும் மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் அந்த அய்யாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில் அவரே, "இப்போது எவன் இதை அரைக்கிறான்? போன வருசம் என்னைச் சுருட்டைவிரியன் கடித்தது. பேரன் நூற்றியெட்டுக்குப் போன் போட்டான். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு நாலு நாள் படுக்க வைத்தார்கள். காசு கிடையாது" என்று சொல்லிக் கெண்டைக்காலைக் காட்டினார். காய்ந்த புளியம்பழத் தோல் மாதிரி ஒரு வடு. இதே செடியின் படத்தைப் போட்டு, 'பாம்புக்கடிக்கு நம் முன்னோர் தந்த அமுதம், பகிருங்கள்' என்று ஒரு செய்தி எனக்குப் போன மாதம் வந்தது. அனுப்பியவர் பட்டப்படிப்பு படித்தவர், அடையாறில் இருக்கிறார்.

நவம்பர் 26, செவ்வாய் – மழை

விடியற்காலையிலிருந்து தூறல். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், சென்னைக்குக் கனமழை என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குத் தொண்டை கட்டியது.

பெரியம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வேலியிலிருந்து தூதுவளை பறித்து வந்தார். இலையின் முதுகில்கூட முள் இருக்கிறது. அவர் கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கிக்கொண்டே, தூதுவளைக்கு ருசி கிடையாது, மிளகுக்குத்தான் ருசி என்றார். நெய்யில் வதக்கி அரைத்து வைத்த ரசம், ஒரு தம்ளர். மாலையில் நொச்சி இலை போட்டு ஆவி. போர்வைக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்தபோது மூக்கில் ஒரு கதவு திறந்தது உண்மை. மருந்தா, வெந்நீரா என்று எனக்குத் தெரியவில்லை, அந்த நேரத்தில் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு விபத்து. சும்மா இருக்க முடியாமல், துவையலுக்குப் பிரண்டை நான் ஆய்கிறேன் என்று உட்கார்ந்தேன். நாலு பட்டைத் தண்டு. கணுவை ஒடித்து, ஓர நாரை உரிக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொள் என்று பெரியம்மா அடுப்படியிலிருந்து சொன்னார். அவர் குரல் வந்து சேர்வதற்குள் பாதி உரித்துவிட்டேன். முதலில் விரலிடுக்கில் குறுகுறுப்பு. பிறகு புறங்கை முழுக்க ஆயிரம் ஊசி. சொறிந்த கையால் கழுத்தைத் தொட்டுத் தொலைத்தேன். பிரண்டைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தோலில் ஏறினால் அரிப்புதான். பெரியம்மா புளியைக் கரைத்துப் பூசி, அதன்மேல் நல்லெண்ணெய் தடவினார். அரை மணி நேரம் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன ஒருவர் விடாமல் காரணம் கேட்டார்கள். பிரண்டை என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு.

மிச்சத்தை அவரே உரித்து, எண்ணெயில் நிறம் மாறிச் சுருளும்வரை வதக்கினார். இதில் அவசரப்பட்டால் தொண்டையும் அரிக்குமாம். உளுந்து, வற்றல், புளி வைத்து அம்மியில் அரைத்த துவையல், சுடுசோறு, நல்லெண்ணெய். பழிவாங்கும் எண்ணத்தோடு சாப்பிட்டேன்.

இரவு மாத்திரை ஏதாவது இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அஞ்சறைப்பெட்டி மாதிரியே ஒரு டப்பாவைத் திறந்தார். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, பாரசிட்டமால் அட்டை ஒன்று, சர்க்கரை மாத்திரை, முழங்கால் தைலம். "இரண்டு நாள் கசாயம். மூன்றாம் நாளும் காய்ந்தால் ஊசி. பிள்ளை என்றால் அந்த இரண்டு நாளும் கிடையாது" என்றார். ஊரில் இளம்பிள்ளை ஒன்று கசாயத்தை நம்பி இருந்து பிழைக்காமல் போனதாம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, டப்பாவை மூடிவிட்டார்.

நவம்பர் 27, புதன் – கோவில்பட்டி, ரயில்

வெயில். கோவில்பட்டியில் ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது. கடலைமிட்டாய் அரைக் கிலோ. 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு, அதைச் சொல்லியே விற்கிறார்கள். சொல்லாவிட்டாலும் வாங்கியிருப்பேன்.

ஒரு நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். கசப்பும் வசம்புமாக நல்ல வாசனை. கீழாநெல்லிப் பொடி கேட்டேன், 100 கிராம் 70 ரூபாய். எந்தக் கீழாநெல்லி என்றேன். பெரியம்மா வீட்டு வாசலிலேயே மூன்று வகை பார்த்திருந்தேன்: இலைக்கடியில் காய் வரிசை கட்டியது ஒன்று, தண்டு சிவந்தது ஒன்று, மேலாநெல்லி ஒன்று. கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "கல்லீரலுக்கு" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை, ஆனால் அவரையும் குறை சொல்ல முடியாது. பொடியான பிறகு யார் கண்டுபிடிப்பது? 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அத்தனை பேர் பார்த்துப் பார்த்துச் செய்தும் தீராத வழக்கு, 70 ரூபாய்ப் பாக்கெட்டில் தீரப்போகிறதா என்று வைத்துவிட்டு, சித்தரத்தை மட்டும் வாங்கினேன். அதன் முகம் எனக்குத் தெரியும்.

பெரியம்மா கொடுத்துவிட்ட அதலைக்காய் ஒரு கிலோ துணிப்பையில் இருக்கிறது. இன்று காலையில் அந்த மூன்று பெண்களும் பறித்தது. பணம் கொடுத்தேன், வியாபாரி விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள். கட்டக் கூடாது, காற்றாட வைக்க வேண்டும், வீட்டுக்குப் போனதும் குளிக்கும் முன் சட்டியில் போட வேண்டும் என்று மூன்று உத்தரவுகள்.

இரவு ஒன்பது மணிக்குப் பையை இருக்கையில் விரித்து வைத்தேன். எதிர் இருக்கையில் ஓர் அம்மா, சாத்தூரில் ஏறியவர், வண்டி புறப்பட்டதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எட்டிப் பார்த்தார். "காலை வரை தாங்காதே" என்றார். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மடியில் செய்தித்தாளை விரித்து, ஒரு கை காயை அள்ளிப் போட்டுக்கொண்டார். "காம்பைக் கிள்ளி உப்புப் போட்டுப் பிசிறி வைத்துவிட்டால் வெடித்தாலும் வீணாகாது. உப்பு இருக்கிறதா?" என்னிடம் இல்லை. தன் இட்லிப் பொட்டலத்தோடு வந்த பொட்டணத்தைப் பிரித்தார். மதுரை தாண்டும்வரை இருவரும் கிள்ளிக்கொண்டிருந்தோம். என்னுடைய நகத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் காட்டில் இருந்தாய் என்று கேட்டார்.